கோயில் கூரையை விட்டுவிட்டுத் தொடங்குங்கள்

பங்குப் பேரவைக் கூட்டத்தில் யாராவது எழுந்து, "நம்ம கோயில் மேல சோலார் போட்டா என்ன சாமி?" என்று கேட்டால், அந்தக் கேள்வியை உடனே இரண்டாக உடையுங்கள். பங்குக்குச் சூரிய மின்சாரம் வேண்டுமா என்பது ஒரு கேள்வி. அதைக் கோயிலின் தலைமேல் ஏற்ற வேண்டுமா என்பது வேறு கேள்வி. புதுச்சேரி நகரத்தில் முதலாவதற்குப் பதில் பெரும்பாலும் "வேண்டும்". இரண்டாவதற்கு ஏறக்குறைய எப்போதும் "வேண்டாம்". பேனல் விற்க வருகிறவர் இந்த இரண்டையும் ஒன்றாக்கித்தான் பேசுவார். அவர் கண்ணுக்கு ஊரிலேயே பெரிய கூரை கோயில் கூரை.

இந்த அத்தியாயம் நகரத்தின் பழைய கோயில்களை மனத்தில் வைத்து எழுதியது. மிஷன் வீதியில் உள்ள சம்பா கோயில், அதாவது அமலோற்பவ அன்னை பேராலயம், இன்று நிற்கும் வடிவில் 1791-ல் முடிந்தது. 1761-ல் ஆங்கிலேயர் நகரத்தையே தரைமட்டமாக்கியபோது போன கோயிலுக்குப் பதிலாக எழுந்தது அது. துய்மா வீதியில் கடலைப் பார்த்து நிற்கும் கப்ஸ் கோயில் 1855-ஐச் சேர்ந்தது. ரயில் நிலையத்துக்கு அருகே கோதிக் கோபுரங்களோடு நிற்கும் இருதய ஆண்டவர் கோயிலை 1902-ல் தொடங்கி 1907-ல் முடித்தார்கள். 2011-ல் அது பசிலிக்கா ஆனது. உங்கள் பங்குக் கோயில் இவற்றைவிடச் சிறியதாக, பெயர் வெளியே தெரியாததாக இருக்கலாம். சுண்ணாம்பும் செங்கல்லும் தேக்கும் கொண்டு கட்டியதென்றால் இங்கே சொல்வது அதற்கும் பொருந்தும்.

பங்கு என்பது கோயில் கட்டடம் மட்டும் இல்லை. வளாகத்தை ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். சாமியார் இல்லம், பள்ளிக்கூடம், மண்டபம், கன்னியர் மடம், பின்பக்கத்தில் பைக் நிறுத்தும் கொட்டகை. இவற்றில் பாதி சமீப காலத்துக் கான்கிரீட். பேனலுக்கு வேண்டியது வெயிலும் உறுதியான தளமும்தான். கோயிலின் பழைமை அதற்குத் தேவையில்லை.

இந்த வழியில் வத்திக்கானே முன்னால் போயிருக்கிறது. 2008-ல் அங்கே 2,400 பேனல்கள் வைத்தார்கள். புனித பேதுரு பேராலயத்தின் மேல் ஒன்றுகூட இல்லை. 1971-ல் திறந்த ஆறாம் பவுல் அரங்கின் கூரையைத் தேர்ந்தெடுத்தார்கள். பியர் லூயிஜி நெர்வி வடிவமைத்த அந்தக் கூரையில் ஏற்கெனவே கான்கிரீட் பலகைகள் வரிசையாக இருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பேனலை உட்காரவைத்தார்கள். சுற்றுச்சூழலைப் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் 'லவ்தாத்தோ சீ' சுற்றுமடல் எழுதுவதற்கு ஏழு ஆண்டு முந்தைய காரியம் இது.

எதிர் உதாரணமும் உண்டு, அதை மறைப்பது நியாயமாகாது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்தின் கூரையிலேயே 2023-ல் 438 பேனல்கள் ஏறின. ஐந்நூறு ஆண்டுப் பழைய கட்டடம். பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் ஆட்சேபத்தையும் தாண்டி நகராட்சி அனுமதி கொடுத்தது. ஆனால் அங்கே கூரையின் ஈயத் தகடுகளையே எப்படியும் மாற்ற வேண்டியிருந்தது. கைப்பிடிச் சுவர் பேனலை ஓரளவு மறைத்தது. க்ளாஸ்டர் பேராலயத்திலும் 2016-ல் 150 பேனல்களைச் சுவர் மறைவில்தான் வைத்தார்கள். இந்த இரண்டு ஊருக்கும் வங்கக் கடல் புயல் வருவதில்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பில்லை எடுங்கள்

கூரைக்கு ஏறும் முன் பங்கு அலுவலகத்தில் உட்கார்ந்து கடந்த பன்னிரண்டு மாத மின்கட்டணச் சீட்டுகளைத் தேடி எடுங்கள். ஒரே வளாகத்தில் மூன்று நான்கு மீட்டர்கள் இருக்கும். எது கோயில், எது இல்லம், எது மண்டபம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எந்த இணைப்பு எந்தக் கட்டணப் பிரிவில் இருக்கிறது, ஒப்பந்த மின்பளு எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். மண்டபத்தை வாடகைக்கு விட ஆரம்பித்த பிறகும் அதன் இணைப்பு பழைய பிரிவிலேயே இருந்தால் அதை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். போகும் வரும் மின்சாரம் இரண்டையும் கணக்கிடும் நெட் மீட்டருக்கு மனு போடும் நாளில் மின்துறை ஊழியர் வந்து பார்க்கத்தான் போகிறார்.

இந்தத் தாள் பல பங்குகளில் ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுக்கும். கோயில் கட்டடம் தின்னும் மின்சாரம் அதன் உருவத்துக்கு ஏற்றதாக இருக்காது. காலைப் பூசை விடியும் நேரத்தில், மாலைப் பூசை வெயில் சாய்ந்த பிறகு. ஞாயிறு ஒரு நாள்தான் பகலில் ஃபேன்கள் சேர்ந்து ஓடும். பேனல் நன்றாக விளைவது காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை. அந்த நேரத்தில் கோயிலில் யாரோ இரண்டு பேர் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். பகலில் மின்சாரம் கேட்பது பள்ளியும் இல்லமும்தான். அதாவது தேவையும் புதிய கூரையும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

ஆண்டுக் கணக்கும் இப்படியே கோணலாக விழும். சம்பா கோயில் திருவிழா டிசம்பர் 8. அடுத்து கிறிஸ்துமஸ் குடில், புத்தாண்டுப் பூசை. சீரியல் செட்டும் மைக் செட்டும் உச்சத்தில் இருக்கும் அந்த மாதங்கள்தான் வடகிழக்குப் பருவமழையில் வானம் மூடிக்கிடக்கும் மாதங்கள். ஆகவே ஏப்ரல், மே வெயிலில் மிஞ்சும் யூனிட்டுகளை வரவில் வைத்து டிசம்பரில் கழிக்க வேண்டும். நெட் மீட்டர் இருப்பதே அதற்குத்தான். புதுச்சேரிக்கு விதி வகுப்பது கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். தமிழ்நாட்டு உறவினர் சொல்லும் விதிகள் இங்கே செல்லாது. வரவு வைத்த யூனிட் பொதுவாக நிதியாண்டு முடிவில் கணக்குத் தீர்க்கப்படும். ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் அந்தச் சுற்று நம் திருவிழாக் காலத்துக்குத் தோதாகவே அமைகிறது. மிச்ச யூனிட்டுக்கு என்ன விலை தருவார்கள் என்பது மாறிக்கொண்டிருக்கும். அதை மின்துறை அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். விற்பனையாளர் வாயால் சொல்வது போதாது.

எந்த இணைப்பில் பேனலைச் சேர்க்கிறீர்களோ, அந்த இணைப்பின் பில்லில்தான் சாதாரணமாகக் கழியும். பள்ளிக் கூரையில் வைத்துவிட்டுக் கோயில் பில் குறையவில்லை என்று பொருளாளர் குழம்புவது இதனால்தான். ஒரே வளாகத்து இணைப்புகளை ஒன்றாக்க வழி உண்டா, பல இணைப்புகளுக்குப் பகிர முடியுமா என்று மனு போடும் முன்பே கேளுங்கள். பள்ளியின் நிருவாகம் தனி என்றால் கூரையை யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று ஓர் ஒப்பந்தமும் வேண்டும்.

இதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, அதில் யாருக்கும் பெரிய உற்சாகம் இருப்பதில்லை: ஃபேன்களை மாற்றுவது. பழைய மேற்கூரை ஃபேன் ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் ஓடும். அறுபது ஃபேன் உள்ள கோயிலில் தினம் மூன்று மணி நேரம் என்று வைத்தால் எட்டு யூனிட் மிச்சம். இரண்டு கிலோவாட் பேனல் ஒரு நாளில் கொடுப்பது ஏறக்குறைய அதே எட்டு யூனிட். காசுக் கணக்கில் பேனல் கொஞ்சம் மலிவாகக்கூட வரலாம். இருந்தாலும் ஃபேன் பக்கமே நிற்பேன். கூரையில் ஓர் ஆணிகூட அடிக்காமல் முடிகிற வேலை அது. ஆனால் சொல்லிவிடுகிறேன்: பேனலுக்கு நன்கொடை கொடுத்தவர் பெயரைக் கல்வெட்டில் போடலாம், ஃபேனுக்குப் போட்டால் இறக்கையில்தான் போட வேண்டும். பணம் திரட்டும்போது இந்தச் சிக்கல் வரும்.

பழைய கூரை எதனால் ஆனது

நகரத்தின் பழைய கட்டடங்களில் தட்டையான கூரை என்றால் அது பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் தேக்குக் கட்டைகள். கட்டைகளின் குறுக்கே சிறிய அச்சுக்கற்களைச் சாய்வாகக் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்திருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டி இறுக்கியது. எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. கம்பியும் இல்லை, சிமெண்டும் இல்லை. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயிலில் விடும். இப்படி மூச்சு விட்டுக்கொண்டே நூறு, நூற்றைம்பது ஆண்டு நிற்கும்.

கெடுவது எங்கே என்றால் உத்திரத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில். மேலே எங்கோ ஒரு கீறலில் இறங்கும் நீர் சுவர் ஓரமாக வந்து அந்த நுனியை அரிக்கும். கீழே நின்று பார்த்தால் மரம் கருகருவென்று திடமாகத் தெரியும், உள்ளே மாவாகியிருக்கும். கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடத்தை, அதாவது பழைய நகராட்சிக் கட்டடத்தை, ஊரே அறியும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம், 2014 நவம்பர் 29-ஆம் தேதி மழையில் இடிந்து விழுந்தது. பிறகு உலக வங்கி நிதியில் பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டினார்கள். இன்று அழகாகத்தான் நிற்கிறது, ஆனால் அது புதிய கட்டடம். உங்கள் கோயிலுக்கு அப்படி நேர்ந்தால் உலக வங்கி வருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய தளத்தில் பேனல் வைக்க இரண்டு முறைதான் உண்டு. ஒன்று, துளை போட்டு போல்ட் இறக்குவது. சுண்ணாம்புத் தளத்தில் போல்ட் பிடிக்காது. பிடிப்பதற்காகச் சிமெண்டோ ரசாயனப் பசையோ ஊற்றினால் அந்த இடம் மட்டும் கல்லாகி, சுற்றிலும் கீறல் விடும். ஒவ்வொரு போல்ட்டும் நீர் இறங்க ஒரு வாசல். இரண்டாவது, துளையே போடாமல் கான்கிரீட் கட்டிகளை வைத்து அந்தப் பாரத்தால் சட்டத்தை அழுத்திப் பிடிப்பது. கேட்க நல்ல யோசனையாகத் தோன்றும். காற்றுக் கணக்கைப் போட்டால் தெரியும்.

ஐ.எஸ். 875 தரநிலையின் மூன்றாம் பகுதி புதுச்சேரிக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வரும் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. இன்று சந்தையில் கிடைக்கும் 540 வாட் பேனல் ஒன்று 2.6 சதுர மீட்டர் பரப்பு, 28 கிலோ எடை. ஆக, 28 கிலோ பொருளை 390 கிலோ அளவுக்கு விசை பெயர்க்கப் பார்க்கிறது. சாய்வையும் இடத்தையும் பொறுத்து இது குறையும். கூரையின் ஓரத்திலும் மூலையிலும் கூடும். எட்டு கிலோவாட்டுக்குப் பதினைந்து பேனல். அவற்றைப் பாரத்தால் மட்டுமே பிடித்துவைக்க வேண்டுமென்றால் சில டன் கான்கிரீட்டை மேலே ஏற்ற வேண்டும், அதுவும் நுனி எப்படியிருக்கிறதென்று தெரியாத தேக்கின் மேல். துளையும் ஆகாது, பாரமும் ஆகாது. அதனால்தான் தொடக்கத்திலேயே "வேண்டாம்" என்று சொன்னது.

180 கிலோமீட்டர் என்பது புத்தகத்து எண் என்று யாராவது சொன்னால் தானே புயலை நினைவுபடுத்துங்கள். 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது நகரத்து மரங்கள் பட்ட பாடு இன்னும் பலர் கண்ணில் இருக்கிறது.

வளைவுக் கூரையும் குவிமாடமும் உள்ள கோயில்களைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே பேனல் பேச்சே வேண்டாம்.

விதிவிலக்கு ஒன்று வைக்கலாம். பாரம்பரியக் கட்டடம் தெரிந்த பொறியாளர் மேற்பார்வையில் கூரையையே பிரித்துப் புதிதாக்கும் நாள் வந்தால், கேம்பிரிட்ஜில் செய்ததுபோல், அப்போது சட்டத்துக்கான தாங்கிகளைச் சுவரின் மேலேயே அமைக்க முடியுமா என்று அவரிடம் கேளுங்கள். பேனலுக்காகக் கூரையைப் பிரிக்காதீர்கள்.

"பேனல் போட்டால் லீக்கும் நின்றுவிடும், வாட்டர்ப்ரூஃப் நாங்களே இலவசமாகப் போட்டுத் தருகிறோம்" என்பது இன்னொரு வலை. சுண்ணாம்புத் தளத்தின் மேல் பிளாஸ்டிக் பூச்சோ சிமெண்டுப் பூச்சோ போட்டால் உள்ளே இருக்கும் ஈரம் மேலே போக வழியின்றிக் கீழே மரத்துக்கு வரும். இலவசம்தான், பிறகு தேக்கு வாங்கும்போது தெரியும்.

அப்படியானால் எங்கே

பள்ளி மாடி, மண்டப மாடி, இல்லத்தின் புதிய பகுதி, பைக் கொட்டகை. இந்த வரிசையில் பாருங்கள்.

கான்கிரீட் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு ஏறவும் வேண்டாம். கடற்கரை ஊரில் நாற்பது ஆண்டுக் கான்கிரீட் சில சமயம் இருநூறு ஆண்டுச் சுண்ணாம்பைவிட மோசமாக இருக்கும். உப்புக் காற்று கம்பியைத் துருவேற்றும், துரு பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளும், சீலிங்கில் துண்டு துண்டாக உதிரும். வகுப்பறைச் சீலிங்கில் கம்பி தெரிகிறதா, சுத்தியலால் தட்டினால் பொக்கென்று கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் பேனலை மறந்துவிட்டு முதலில் அந்த வகுப்பைக் காலி செய்யுங்கள்.

அடுத்தது நிழல். பேனல் வரிசையில் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் வரிசை முழுதும் விளைச்சல் குறையலாம். கோயில் வளாகத்திலோ நடுவில் ஒரு கோபுரம் நிற்கிறது. புதுச்சேரி வட அட்சரேகை 12 பாகைக்கு அருகில் இருப்பதால் நண்பகல் சூரியன் ஆண்டு முழுதும் தெற்கே நிற்பதில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் இருபது வாக்கு வரை உச்சிக்கு வடக்கே போய்விடும். அப்போது கோபுர நிழல் தெற்குப் பக்கம் குட்டையாக விழும். டிசம்பரில் வடக்கே நீளும். இருபது மீட்டர்க் கோபுரத்தின் நிழல் டிசம்பர் நண்பகலில் 14 மீட்டர், மாலை மூன்று மணி வாக்கில் 30 மீட்டர். ஆகவே கோபுரத்துக்கு வடக்கே உள்ள கட்டடத்தைவிடத் தெற்கே உள்ள கட்டடம் நல்லது. கணினியில் நிழல் வரைந்து காட்டுவார்கள். அதோடு டிசம்பரில் ஒருநாள் மாலை நீங்களே மாடியில் நின்று சுண்ணாம்புக் கோடு போட்டுவைத்துக்கொள்ளுங்கள். பேனலைத் தெற்கு நோக்கிப் பத்து, பன்னிரண்டு பாகை சாய்த்தால் போதும். இந்தச் சிறு சாய்வு நமக்கு வாய்த்த வரம்: தெருவிலிருந்து தெரியாது, காற்றுக்கும் அதிகம் எதிர்த்து நிற்காது, மழை தூசியையும் கழுவிவிடும்.

தெருவிலிருந்து தெரியாது என்பதைச் சொல்லால் நம்பாதீர்கள். பேனலின் மேல் விளிம்பு வரும் உயரத்துக்கு நாலு மூலையிலும் மூங்கில் நட்டு, கருப்புத் துணியைக் கட்டுங்கள். பிறகு கீழே இறங்கி நடங்கள். சம்பா கோயில் என்றால் மிஷன் வீதியின் எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து. கப்ஸ் கோயில் என்றால் கடற்கரைச் சாலையிலிருந்தும் துய்மா வீதியின் இரு முனையிலிருந்தும். இருதய ஆண்டவர் கோயில் என்றால் ரயில் நிலைய வாசலிலிருந்தும் சுப்பையா சாலையிலிருந்தும். போட்டோ எடுங்கள். துணி தெரிந்தால் இடத்தை உள்ளே தள்ளுங்கள், அல்லது உயரத்தைக் குறையுங்கள். இந்தப் போட்டோக்கள் பிறகு அனுமதி மனுவுக்கும் உதவும்.

கெபியின் மேல் பேனலால் கூரை போடலாமே என்றும் யாராவது ஒருவர் சொல்வார். நன்றி சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போங்கள்.

இன்வெர்ட்டரையும் கேபிளையும் பற்றி ஒரு வார்த்தை. பேனலிலிருந்து வரும் நேர்மின் கம்பியில் பல நூறு வோல்ட் இருக்கும். வெயில் இருக்கும்வரை அதை அணைக்க முடியாது. இணைப்பு தளர்ந்தால் பொறி வரும், பக்கத்தில் பழைய மரம் இருந்தால் அப்புறம் சொல்ல வேண்டாம். எனவே இன்வெர்ட்டர் சக்கிறீஸ்துக்குள்ளோ பாடகர் மேடைக்கு அடியிலோ வேண்டாம். காற்றோட்டமுள்ள, செங்கல் சுவர் உள்ள வெளி அறை பாருங்கள். கேபிளைக் கோயில் முகப்பின் வழியாகக் கொண்டுவராதீர்கள். கப்ஸ் கோயிலின் உட்பூச்சு முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பு என்று சொல்வார்கள். அந்தச் சுவரில் ஒரு கிளிப் அடித்தால் எடுத்த பிறகும் தழும்பு போகாது. கோபுரத்து இடிதாங்கிக்கும் பேனலுக்கும் தனித்தனி எர்த் குழிகள் வேண்டும், அவற்றை எப்படி இணைப்பது என்பதை மின்பொறியாளர் வரைபடத்தில் காட்ட வேண்டும்.

கடல் அருகில் இருப்பதால் பேனலுக்கு உப்பு மூடுபனிச் சோதனைச் சான்று, அதாவது ஐ.இ.சி. 61701, கேட்டு வாங்குங்கள். சட்டம் நன்றாகத் துத்தநாகம் முக்கியதாகவோ அலுமினியமாகவோ இருக்கட்டும். நட்டும் போல்ட்டும் 316 தர ஸ்டெயின்லெஸ். செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது இந்த போல்ட்தான், முதலில் கை விடுவதும் இதுதான்.

மூன்று கதவுகள்

அனுமதிக்கு வரிசை உண்டு. விற்பனையாளர் கடைசிக் கதவை முதலில் தட்டச் சொல்வார்.

முதல் கதவு பேராயர் இல்லம். பங்கின் சாதாரண நிருவாகத்துக்கு மேற்பட்ட செயல்களுக்கு மேலிடத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1281. முன்பணம் இல்லாமல் கம்பெனியே பேனல் வைத்து யூனிட் கணக்கில் காசு வாங்கும் முறைக்கு வந்தால் இன்னும் கவனம். அது இருபத்தைந்து ஆண்டுக்கு உங்கள் கூரையை அவர்களுக்கு விடுவது. குத்தகை பற்றிய சட்டம் 1297 அங்கே குறுக்கே வரும். பங்குத்தந்தை சில ஆண்டில் மாறிப் போவார், ஒப்பந்தம் இருக்கும்.

இரண்டாவது, நகர அமைப்புக் குழுமமும் அதோடு சேர்ந்த பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவும். உங்கள் கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் எந்தத் தரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பேனல் புதிய கட்டடத்தில்தான் என்றாலும், பட்டியலில் உள்ள கோயிலின் வளாகம் என்பதால் முன்கூட்டியே காட்டுவது நல்லது. இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளையில் இந்த ஊர்ச் சுண்ணாம்பையும் தேக்கையும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மனு போடும் முன் ஒரு யோசனை கேட்டால் ஆறு மாதம் மிச்சமாகும்.

மின்துறை மூன்றாவது. சாத்தியம் பார்ப்பது, ஒப்பந்தம், இருவழி மீட்டர், சோதனை, இணைப்பு.

பணம் பற்றிச் சுருக்கமாக. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்ட மானியம் வீடுகளுக்குத்தான். மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். கோயிலுக்குக் கிடையாது. "கோயில் பெயரில் இல்லாமல் சாமி பெயரில் போட்டால்?" என்ற கேள்விக்கு ஒரே பதில்: வேண்டாம். ஆனால் அந்தத் திட்டத்தைப் பங்கு மக்கள் பயன்படுத்தலாமே. பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது சொல்லுங்கள், அன்பியக் கூட்டங்களில் விளக்குங்கள். முப்பது வீடுகளில் மும்மூன்று கிலோவாட் ஏறினால் தொண்ணூறு. அவ்வளவு பேனலைத் தாங்கும் கோயில் கூரை இந்த நகரத்தில் இல்லை.

கரண்ட் போனால்

இதைப் பேரவையில் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் முதல் புயலிலேயே உங்களைக் கேட்பார்கள். சாதாரண நெட் மீட்டர் அமைப்பு, தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். மேலே வெயில் காய்ந்தாலும் கீழே ஃபேன் ஓடாது.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இத்தகைய நாளில் பங்கு மண்டபம் தங்குமிடமாகும், சாமியார் இல்லத்தில் பால் பவுடரும் போர்வையும் வந்து இறங்கும். ஆகவே மண்டபத்துக்கு மட்டும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் ஒரு சிறிய லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியும் போடுவது செலவுக்குத் தகுந்தது. பத்து விளக்கு, சில ஃபேன், மைக், செல்போன் சார்ஜர் வரிசை, தண்ணீர் மோட்டார் என்று பட்டியல் போட்டு அதற்கு மட்டும் தனி லைன் இழுங்கள். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் பல மடங்கு. அதை மறந்து வாங்கிய இன்வெர்ட்டர் தண்ணீர் தேவைப்படும் நாளில் கை விரிக்கும். பேட்டரி அறை தரைத்தளத்தில் வேண்டாம். வெள்ளம் வரும் வளாகம் என்றால் எவ்வளவு உயரம் வரை வந்தது என்று பழைய ஆட்களைக் கேட்டு அதற்கு மேலே வையுங்கள்.

பிறகு பார்த்துக்கொள்வது

பேனல் கழுவுவதை யாரிடம் கொடுப்பது என்பது பெரும்பாலும் யாரும் முடிவு செய்யாத விஷயம். கடைசியில் உபதேசியார் தலையில் விழும். ஜனவரி முதல் மழை வரும்வரை மாதம் இருமுறை, வெயில் ஏறும் முன், மெல்லிய துணியும் நீரும் போதும். நகரத்தின் கிணற்று நீர் பல இடங்களில் உப்பு. அதைக் கொண்டு கழுவினால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படியும். குழாய்த் தண்ணீரோ சேர்த்துவைத்த மழைநீரோ பயன்படுத்துங்கள். கழுவிய நீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள்: பக்கத்துப் பழைய சுவரில் வழிந்தால் தகரத்தில் ஒரு வாய்க்கால் வைத்துத் திருப்புங்கள்.

புறாக்கள் வரும். பேனலுக்குக் கீழே இருக்கும் நிழல் அவற்றுக்குக் கோபுரத்தைவிடப் பிடிக்கும். சுற்றிலும் வலை அடிக்கும் செலவை முதல் மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பின்னால் கேட்டால் இரட்டிப்பாகும்.

அக்டோபர் தொடக்கத்தில், மழைக்கு முன், ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கிப் பார்க்க வேண்டும். அதற்கான விசை அளவை வரைபடத்தில் எழுதி வாங்குங்கள். அந்த வரைபடம், பேனல் எண்கள், உத்தரவாதச் சீட்டு, நெட் மீட்டர் ஒப்பந்தம், மூங்கில் கட்டி எடுத்த போட்டோக்கள், பேராயர் இல்லத்துக் கடிதம் எல்லாம் ஒரே கோப்பில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும் அலமாரியில் இருக்கட்டும். பேனலின் ஆயுள் இருபத்தைந்து ஆண்டு என்கிறார்கள். அதற்குள் பங்குத்தந்தை நாலைந்து பேர் மாறியிருப்பார்கள், விற்ற கம்பெனி பெயர் மாறியிருக்கும். எந்தச் சட்டத்தை எந்தப் பக்கத்திலிருந்து கழற்ற ஆரம்பிப்பது, பழைய பேனலை யார் எடுத்துப்போக வேண்டும், அதற்கான செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தப் பத்தி இல்லாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.